விளக்கு ஏற்றாத நாள்

எனக்கு விசர் என்பது நான் வாழ்க்கைப்பட்டுப் போன அக்கராயனில் ஒளித்து மறைத்த செய்தி அல்ல. கல்யாணப் பேச்சு நடந்த அன்றே, புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து, அப்பா அதைப் போட்டு உடைத்துவிட்டார். அம்மா பலகாரத் தட்டோடு நின்று கண்ணைக் காட்டினார், செருமினார், கடைசியில் அப்பாவின் காலையே மிதித்தார். அப்பா கேட்டால்தானே.

"பத்தொன்பது வயசில பிள்ளைக்குச் சுகமில்லாமல் வந்தது. ஆரோ பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்கும். ஆஸ்பத்திரியில வைச்சுப் பாத்தனாங்கள். குளிசை போட்டால் ஒரு கரைச்சலும் இல்லை. போடாட்டில் கரைச்சல்தான். பிறகு இந்தச் செல்வநாயகம் சொல்லேல்லை எண்டு ஆரும் கதைக்கக்கூடாது."

மாப்பிள்ளை கிருசாந்தன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தாய் கமலேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எனக்குப் பிரஷரும் கிடக்கு, சீனியும் கிடக்கு. நானும் குளிசை போட்டால்தான் மனுசி. ரெண்டு பேருமாச் சேந்து போடுவம், அவ்வளவுதானே" என்றார்.

உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் நான் முதலில் மயங்கியது மாமியிடம்தான். மாப்பிள்ளையைப் பிடிக்க ஆறு மாதம் எடுத்தது.

சொன்ன சொல்லை மாமி காப்பாற்றினார். சாப்பாடு முடிந்ததும் ஒரு செம்பு சுடுதண்ணீர். மாமிக்கு இரண்டு குளிசை, எனக்கு ஒன்று. அவரே உரித்து உள்ளங்கையில் வைப்பார். "ம், விழுங்கு" என்பார். நான் விழுங்கிய பிறகுதான் தான் விழுங்குவார். இப்படி இரண்டு வருடம் ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

விசர்க்காரர் குளிசை போடாவிட்டால் உலகம் முழுவதும் ஒரே ஒரு காரணம்தான் சொல்லும்: விசர், அதுதான் போடவில்லை. பிரஷர்க்காரர் போடாவிட்டால் மட்டும் மறதி, வேலை, பயணம் என்று எத்தனை நியாயம்! எங்களுக்கும் நியாயம் இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. என்னிடம் கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

முதலில் போட்ட குளிசை என்னை நெல்மூட்டை மாதிரி ஆக்கியது. விடிந்து எட்டு மணிக்கும் எழும்ப முடியாது. கல்யாணச் சட்டை முழங்கைக்கு மேல் ஏற மறுத்தது. கிளினிக்கில் சொன்னேன். போன சித்திரையில் வேறு குளிசைக்கு மாற்றினார்கள். அது அருமையான குளிசை. சேவலோடு எழும்பினேன். உடம்பு இறங்கியது. கச்சான் கடலைத் தோட்டத்தில் மாமியோடு சரிக்குச் சரி புல் பிடுங்கினேன். சத்தமும் கேட்கவில்லை. ஆனால் ஆனிக்குப் பிறகு எனக்கு மாதவிடாய் வரவில்லை.

கிளினிக்கில் அதையும் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கிளினிக்கைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். காத்திருக்கிற வாங்கில் நாற்பது பேர். உள்ளே போனால் மேசைக்கு அந்தப் பக்கம் என் தம்பி வயதில் ஒரு டொக்டர். அவருக்குப் பின்னால் படிக்க வந்த பொடியன்கள் இரண்டு பேர். எனக்குப் பக்கத்தில் புருஷன். "நித்திரை வருதோ? சாப்பிடுறீங்களோ? சத்தம் ஏதும் கேக்குதோ? நல்லம், அடுத்த மாசம் வாங்கோ." இதற்குள் எந்த இடைவெளியில் நான் அந்தக் கதையைச் செருகுவது? அது மட்டுமல்ல, எனக்குச் சொல்ல விருப்பமும் இல்லை. கல்யாணமாகி இரண்டு வருடம். மாதம் வராவிட்டால் ஒரு பெண் என்ன நினைப்பாளோ அதைத்தான் நானும் நினைத்தேன். அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

ஆனால் மாமியிடம் எதைப் பொத்த முடியும்?

எங்கள் வீட்டில் பொழுதுபடுகிற நேரம் சாமி அறையில் விளக்கு ஏற்றுவது மருமகளின் வேலை. துடக்கு நாட்களில் நான் அந்த அறைக்குள் போக மாட்டேன், அந்த நாலைந்து நாளும் மாமி ஏற்றுவார். ஏன் என்று அவர் கேட்பதும் இல்லை, நான் சொல்வதும் இல்லை. நான் விறாந்தையில் குந்தியிருந்தால் அவருக்கு விளங்கிவிடும். என் மாதக் கணக்கு முழுவதும் அந்த விளக்கில் இருந்தது. எனக்குத் தெரிவதற்கு முதலே அவருக்குத் தெரியும்.

புரட்டாசிச் சனி ஒன்றில், எள்ளெண்ணெய் எரித்துவிட்டுக் கோயிலால் வரும் வழியில் மாமி சட்டென்று நின்றார். மாமா நடராசா முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் தூரம் போகும்வரை காத்திருந்துவிட்டு மாமி என் காதுக்குள் சொன்னார்.

"ஆனிக்குப் பிறகு நீ ஒருநாளும் விளக்கை விடேல்லைப் பிள்ளை."

நான் நிலத்தைப் பார்த்தேன். அவ்வளவு போதாதா? அன்றிலிருந்து கிணற்றுக் கப்பியில் நான் கை வைக்கக்கூடாது. வீட்டில் பப்பாசிப் பழம் கூடாது, அன்னாசி கூடாது. வெளியே ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது. "மூண்டு மாசம் வடிவா முடியட்டும். மிட்வைஃபுக்கும் பிறகு சொல்லலாம். கண்ணூறு பொல்லாதது." மூன்று மாதம் முடிந்தது. பிறகு நவராத்திரி முடியட்டும் என்றார்.

இடையில் இன்னொன்று நடந்தது. ஒரு நாள் என் சட்டை நெஞ்சில் நனைந்திருந்தது. பால். சின்னத் துளிதான், ஆனால் பால். மாமியைக் குசினிக்குப் பின்னால் கூப்பிட்டுக் காட்டினேன். ஊரையே ஒரு பார்வையில் அடக்குகிற மனுசி, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய் கோணிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு எனக்கும் சந்தேகம் என்று ஒன்று இருக்கவில்லை.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சுடுதண்ணீர் வந்தது. மாமி தன் இரண்டு குளிசையைப் போட்டார். என் குளிசை அட்டையைக் காணவில்லை.

"வயித்தில பிள்ளையோட தலைக்குப் போடுற குளிசை கூடாது. தடிமன் காய்ச்சலுக்குப் போடுற குளிசையே கூடாதாம். பிள்ளை பிறக்கட்டும், பிறகு போடலாம்."

கிருசாந்தன் தலையைச் சொறிந்தார். "கிளினிக்கில ஒருக்காக் கேப்பமேயம்மா?"

"கேட்டால் விடியிறதுக்குள்ள ஊருக்குத் தெரியும். அந்த வாங்கில இருக்கிற அரைவாசிச் சனம் எங்கட பக்கம்தான்."

நான் மாமி மீது பழி போட மாட்டேன். அவர் எடுத்து ஒளிக்காவிட்டால் நானே நிறுத்தியிருப்பேன். அதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. எட்டு வருடமாக என்னைப் பார்க்கிற எவரும் முதலில் கேட்பது "குளிசை போட்டனியே?" என்பதுதான். சாப்பிட்டாயா என்றுகூட இல்லை. அந்த ஒரு மாதம் அந்த வீட்டில் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. "புளி வேணுமே?", "கால் வீங்குதே?", "மத்தியானம் கொஞ்சம் சரிஞ்சு படன் பிள்ளை" என்றுதான் கேட்டார்கள். விசர்ப்பிள்ளை போய்ப் பிள்ளைத்தாய்ச்சி ஆனேன். அதற்காக நான் குளிசையை மட்டுமல்ல, கைகால் ஒன்றைக் கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

முதல் இரண்டு கிழமையும் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது கிழமை நித்திரை குறைந்தது. விதைப்புக் காலம், எல்லாரும் அலுத்துப் படுப்பார்கள். நான் மட்டும் விழித்துக்கொண்டு கிடப்பேன். வயிற்றுப் பிள்ளைதான் எழுப்புகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். ஐப்பசிக் கிளினிக்குக்கு விதைப்பைச் சாட்டிப் போகவில்லை.

பிறகு பாண் ஓட்டோ வந்தது.

அது எப்போதும் வருவதுதான். பின்னேரம் நாலு மணிக்கு மாயாண்டியண்ணை பேக்கரிச் சாமான் ஏற்றி, பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் வருவார். பாணும் பணிசும் வாங்குவோம். அன்று அந்தப் பாட்டுக்குள் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். எங்கள் வாசல் படலைக்குக் கிட்ட வந்தபோது தெளிவாகக் கேட்டது: "சுதாஜினி, பிள்ளையைத் தா." பாண் வாங்காமல் உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினேன். அடுத்த நாளும் அதே பாட்டு, அதே குரல். மூன்றாம் நாள் நான் வேலி முள்ளுக் கொப்புகளை இழுத்து வந்து ஒழுங்கைக்குக் குறுக்கே போட்டேன். மாயாண்டியண்ணை சிரித்துக்கொண்டு இறங்கி வந்து, "என்ன தங்கச்சி, வெள்ளாமைக்குள்ள மாடு பூந்திட்டுதே?" என்று கேட்டார். அவர் பிள்ளைக்குத்தான் வருகிறார் என்பதற்கு அந்தச் சிரிப்பே எனக்கு நிச்சயமான சாட்சி ஆகிவிட்டது.

அதன் பிறகு விதைநெல் வைத்திருந்த அறைக்குள் போய் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்துவிட்டேன். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு ஒன்றரை நாள். மாமி பால்கஞ்சி கொண்டு வந்தார். "நீங்களும் பாண்காரனுக்குச் சொல்லிப்போட்டியள்" என்று கத்தினேன். கஞ்சியைத் தட்டிவிட்டேன். அது அவர் காலில் கொட்டியது. அவர் காலைத் துடைக்கக்கூட இல்லை, வாசற்படியில் அப்படியே குந்திவிட்டார். இது எல்லாம் எனக்கு நினைவில் இருக்கிறது. விசரில் எல்லாம் மறந்து போகும் என்று சொல்கிறவர்கள் பாக்கியசாலிகள்.

மாமா நூல் கட்டுகிற ஆளைக் கூட்டி வரலாம் என்றார். அப்போதுதான் கிருசாந்தனின் குரலை நான் முதன்முதலாக உயரக் கேட்டேன்.

"அம்மா! குளிசை எங்க?"

மாமி எழும்பிச் சாமி அறைக்குள் போனார். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து அட்டைகளை எடுத்து வந்து மகனின் கையில் வைத்தார். திருநீறு ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சிறுநீரைச் சோதித்தார்கள், ஸ்கான் செய்தார்கள். வயிற்றில் பிள்ளை இல்லை. கலைந்து போகவும் இல்லை. இருக்கவே இல்லை. அன்று எனக்கு அது ஏறவில்லை, அவர்களும் பாண்காரனின் ஆட்கள் என்று நினைத்தேன். ஊசியும் குளிசையுமாகப் பத்து நாள் போனது. பாட்டு ஓய்ந்தது, குரல் தூரப் போனது. தலை தெளிந்த அன்று காலை, தேத்தண்ணியை வாயில் வைத்தபோது, பிள்ளை இல்லை என்பது வந்து விழுந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு மத்தியானம்வரை அழுதேன். இல்லாத பிள்ளைக்கு அழுவதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன்.

அழுது முடித்ததும் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தக் குளிசை என் கர்ப்பப்பையை வற்றப் பண்ணிவிட்டது. இதைப் போட்டால் அறிவு இருக்கும், பிள்ளை இருக்காது. போடாவிட்டால் பிள்ளைக்கு வழி இருக்கும், அறிவு இருக்காது. இரண்டில் எது வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானே முடிவெடுத்தேன். அன்று பின்னேரம் குளிசையை நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தேன். தாதி நகர்ந்ததும் எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டேன்.

விசரில் செய்த வேலை அல்ல இது. அதுவரை நான் இருந்ததிலேயே நல்ல புத்தியோடு செய்தது.

அடுத்த கட்டிலில் அமராவதியக்கா. நெடுங்கேணிப் பக்கம், களை பிடுங்கப் போகிறவர், மலையகத்தால் வந்து குடியேறிய குடும்பம். மூன்றாம் நாள் அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"என்னா தங்கச்சி, தலகாணிக்குள்ள வெதைக்கிறியா? மொளைக்காது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சொல்லிப்போடாதேங்கோ அக்கா."

"நான் ஏன் சொல்லப் போறேன்? நானும் வெதைச்சவதான். இத போட்டா காலையில எந்திரிக்க முடியாது. ஆறு மணிக்கு டிரக்டர் வந்து ஆளுகள ஏத்திக்கிட்டுப் போயிரும். நான் இல்லாட்டி இன்னொருத்தி. நாலு நாள் விட்டா அஞ்சாம் நாள் கூப்பிடவே மாட்டாங்க. அதான் விட்டேன். விட்டு இப்ப இங்க வந்து படுத்துக் கெடக்கேன். நீ ஏன் வெதைக்கிற?"

நான் தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் அமராவதியக்கா சொல்ல மாட்டேன் என்று சொன்னாரே தவிர, அவருடைய வாய் அவர் சொல்வதைக் கேட்கிற வாய் அல்ல. அன்று மாலையே வார்டுத் தாதி சிவதர்சினி மிஸி என் கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தார். தலையணையைத் தொடவில்லை. ஏச்சுக்கு நான் தயாராக இருந்தேன்.

"தங்கச்சி, ஏன் போடேல்லை?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். பதிலும் தானே சொல்லிவிடுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. உண்மையாகவே தெரிய வேண்டும் என்று கேட்கிறார் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எட்டு வருடத்தில் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அடக்க முடியவில்லை. ஆனியில் நின்றது, விளக்கு, புரட்டாசிச் சனி, நனைந்த சட்டை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

மிஸி தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை! மாதம் நிக்கிறதும் பால் வாறதும் அந்தக் குளிசையின்ர வேலை. சில பேருக்கு அப்பிடிச் செய்யும். கர்ப்பப்பைக்கு ஒண்டும் நடக்கேல்லை. குளிசையை மாத்தினால் திரும்ப வரும்."

"வருமே?"

"அனேகமா வரும். அதைச் செய்யாத குளிசையும் கிடக்கு."

"அதைப் போட்டுக்கொண்டு பிள்ளை பெறேலுமே?"

"நாளைக்கு டொக்டரிட்டக் கேப்பம். மாமியையும் வரச் சொல்லுறன்."

அந்த இரவு தலையணை உறையை நானே கவிழ்த்து, மூன்று குளிசையையும் மிஸியிடம் கொடுத்தேன்.

மறுநாள் டொக்டரின் அறையில் மாமி கதிரையின் நுனியில் இருந்தார். கையில் கைப்பை, முகத்தில் கொலைகாரிக் களை. டொக்டர் வாய் திறக்க முதலே தொடங்கிவிட்டார்.

"நான்தான் ஐயா குளிசையை எடுத்து ஒளிச்சனான். பொலிசுக்குச் சொல்லுறதெண்டாலும் சொல்லுங்கோ."

"அப்பிடி ஒண்டும் இல்லையம்மா..."

"இல்லை, கேளுங்கோ. பிழை என்னிலதான். ஆனால் உங்களிட்டயும் ஒண்டு கேக்க வேணும். இந்தக் குளிசை மாதத்தை நிப்பாட்டுமெண்டு உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும்."

"அப்ப ஏன் தம்பி சொல்லேல்லை? நாங்கள் விளக்கைப் பாக்கிற சனம். மாதம் நிண்டால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். நான் அந்தப் பிள்ளைக்குத் தொட்டில் சீலைகூடத் தேடிப்போட்டன்!"

'ஐயா' எங்கே 'தம்பி' ஆனது என்று நான் பயந்துபோனேன். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிக்க வந்த பொடியன்களை அன்று மிஸி வெளியே அனுப்பியிருந்தார், நல்ல காலம்.

"நாங்கள் கேட்டிருக்க வேணும் அம்மா. பிழைதான்" என்றார்.

ஒரு டொக்டர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மாமியும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன், அவருக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது. பிறகு டொக்டர் என் பக்கம் திரும்பி, மாமியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, ஆறுதலாகச் சொன்னார். வேறு குளிசைக்கு மாற்றுவோம். முதல் சில கிழமை கால் துடிதுடிக்கும், பிறகு அடங்கும். பிள்ளை வேண்டுமென்றால் முதலிலேயே வந்து சொல்ல வேண்டும், எந்தக் குளிசை, எவ்வளவு என்று பார்த்து முடிவெடுக்கலாம். குளிசை போட்டுக்கொண்டே பிள்ளை பெற்றவர்கள் அந்தக் கிளினிக்கிலேயே இருக்கிறார்கள்.

"மெய்யே?" என்றார் மாமி.

"மெய்."

"மெய்யாத்தானே?"

"மெய்யாத்தான் அம்மா. போன மாசமும் ஒரு ஆள் பிள்ளையோட வந்தவா."

நான் கேட்டேன். "டொக்டர், தை முடியிறதுக்குள்ள எனக்கு வராட்டில்?"

"வந்து என்னோட சண்டை பிடியுங்கோ. ஆனா நீங்களா நிப்பாட்டாதேங்கோ."

சண்டைக்கு அனுமதி கிடைத்தால் நான் எதையும் விழுங்குவேன். அன்றே விழுங்கினேன்.

கார்த்திகை கடைசியில் வீட்டுக்கு வந்தேன். டொக்டர் சொன்னது சரி, கால் ஓர் இடத்தில் நில்லாது. வளவைச் சுற்றிச் சுற்றி நடப்பேன், மாமி ஒன்றும் சொல்லாமல் பின்னால் நடப்பார். அவருடைய காலில் கஞ்சி கொட்டிய இடம் கறுத்திருந்தது. அதைப் பற்றி நான் கதைக்கத் தொடங்கினால், "நட, நட, கதைச்சால் மூச்சு வாங்கும்" என்று வாயை அடைத்துவிடுவார். மூன்று கிழமையில் கால் அடங்கியது. குளிசை அட்டை இப்போது என் அலுமாரியில், என் கையில். அதை மாமியே சொல்லித் தந்தார். "இனி நான் தொட மாட்டன்" என்றார்.

குரல் வரவில்லை. ஆனால் மாதமும் வரவில்லை. மார்கழி பிறந்தது. பொழுதுபடுகிற நேரம் நான் கால் முகம் கழுவிக்கொண்டு சாமி அறைக்குப் போவேன். மாமி குசினி வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்.

"இண்டைக்கும் ஏத்துறியோ?"

"ஓம் மாமி."

"ம்."

முன்பு அந்த விளக்கை நான் ஒரு நாளும் விடாமல் ஏற்ற வேண்டும் என்று வேண்டினோம். இப்போது நான் அதை ஏற்ற முடியாத நாளுக்காக இரண்டு பேரும் காத்திருந்தோம். அதையும் அந்த விளக்கின் முன்னால் நின்றுதான் கும்பிட்டேன். முருகனுக்குத் தலை சுற்றியிருக்கும். திருவெம்பாவை போனது, பொங்கல் போனது. தையும் கரைந்துகொண்டிருந்தது. டொக்டரோடு பிடிக்கப் போகிற சண்டைக்கு நான் மனதுக்குள் வசனம் சேர்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் துணிவு கெட்டு, குளிசையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தேன். பிறகு விழுங்கினேன். அது ஒன்றும் சின்ன வேலையில்லை, எழுதி வைக்கிறேன்.

தைப்பூசம் வந்தது. அன்றுதான் எங்கள் பக்கம் புதிர் எடுப்பது. வீட்டு ஆண்கள் விடிய வயலுக்குப் போய் விளைந்த முதல் கதிரை அறுத்து வருவார்கள். மருமகள் படலையில் விளக்கோடு நின்று அதை வாங்கி, சாமி அறையில் வைத்து, புத்தரிசியை அடுப்பில் போட வேண்டும். கல்யாணமாகி இரண்டு முறையும் எனக்கு அந்த வாய்ப்புத் தப்பியது, முதல் முறை செத்தவீட்டுத் துடக்கு, இரண்டாம் முறை காய்ச்சல். இந்த முறை மாமி ஒரு கிழமையாகத் தயார்ப்படுத்தினார். எனக்குப் புதுச் சேலை. வெண்கலப் பானையைப் புளி போட்டு மினுக்கி வைத்திருந்தார்.

விடிய மாமாவும் கிருசாந்தனும் வயலுக்குப் போய்விட்டார்கள். நான் குளிக்கக் கிணற்றடிக்குப் போனேன். போன வேகத்தில் திரும்பி வந்தேன். குசினி வாசலுக்கு வெளியே, படி ஏறாமல் நின்றேன். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"மாமி."

"கெதியா உடுத்துக்கொண்டு வா. அவை வரப்போகினம்."

"நான் இண்டைக்கு விளக்குத் தொடேலாது மாமி."

துருவலை நின்றது. "என்ன சொன்னனீ?"

"விளக்குத் தொடேலாது."

"வடிவாச் சொல்லு பிள்ளை. வடிவாச் சொல்லு!"

மூன்றாம் தடவையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பும் அழுகையும் கலந்து வந்து பேச்சுத் தடுமாறியது. வேறொரு வருடம் என்றால், புதிர் நாளும் பார்த்து வந்ததோ என்று முகத்தை ஒரு முழத்துக்கு நீட்டியிருப்பார். அன்று தேங்காய்ப் பாதியைப் போட்ட இடம் தெரியாமல் போட்டுவிட்டு, பால் கையோடு ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்தார். துடக்கு நாளில் மாமி என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இனி அவர் திரும்ப முழுக வேண்டும். அந்தக் கணம் அது அவருக்கு நினைவே இல்லை.

படலையில் மாமாவும் கிருசாந்தனும் கதிர்க்கட்டோடு நின்றார்கள். விளக்கில்லை, மருமகள் இல்லை. மாமி அவசரமாக முழுகி, ஈரத் தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு ஓடினார்.

"எங்க அம்மா சுதா?"

"அவளுக்குத் துடக்கு!" என்று மாமி கத்தினார். ஒழுங்கை முழுவதும் கேட்டது. பக்கத்து வளவில் முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற பெண் தும்புத்தடியோடு நிமிர்ந்து பார்த்தாள். "மருமகளுக்குத் துடக்கடா! கதிரை என்னட்டத் தா!"

கிருசாந்தன் வேலிக்கு மேலால் என்னைத் தேடிப் பார்த்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அந்த மனிதனுக்கு ஒழுங்கையில் நின்று கண் கலங்கியதைப் பார்த்தேன். அவரைப் பிடிக்க ஆறு மாதம் எடுத்தது என்று சொன்னேன் அல்லவா, அது என் பிழை.

அந்த நேரம் பாண் ஓட்டோ வந்தது. பூச நாளென்று மாயாண்டியண்ணை காலையிலேயே புறப்பட்டுவிட்டார். பாட்டு ஒழுங்கை முனையில் தொடங்கிக் கிட்டக் கிட்ட வந்தது. நான் மாமரத்தடியில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பாட்டு எங்கள் படலையைத் தாண்டிப் போனது. பாட்டு மட்டும்தான்.

புத்தரிசியை மாமியே பொங்கினார், படைத்தார், எல்லாருக்கும் வாழையிலை போட்டார். எனக்கு மட்டும் குசினிக்குப் பின்னால் தனியாக, இருக்க ஒரு கதிரை போட்டார். ஒரு கிண்ணத்தில் உழுத்தங்களி. ஒரு கோப்பையில் நல்லெண்ணெய். அதற்குள் உடைத்து ஊற்றிய முட்டை. புதிதாய் வயதுக்கு வந்து பெரியபிள்ளையான பெட்டைக்குக் கொடுக்கிற சாமான்கள்.

எனக்கு இருபத்தேழு வயது.

மாமா எட்டிப் பார்த்துவிட்டார். "எடியேய்! பூசத்தண்டு வீட்டில முட்டையோ?"

"முருகன் ஒண்டும் சொல்ல மாட்டார்" என்றார் மாமி. "ரெண்டு பெண்சாதி கட்டின மனுசன். அவருக்கு விளங்கும். நீங்கள் போய்ப் பொங்கலைச் சாப்பிடுங்கோ."

மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தேன். ஆயுளில் அப்படி ஒரு நாறல் சாமானை நான் குடித்ததில்லை, அப்படி ஒரு ருசியையும் கண்டதில்லை.

பொழுதுபட்டது. மாமி சாமி அறைக்குள் போய் விளக்கை ஏற்றினார். நான் விறாந்தையில் குந்தியிருந்து திறந்த கதவால் அதைப் பார்த்தேன். சாப்பாடு முடிந்ததும் மாமி செம்பில் சுடுதண்ணீர் கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில், நிலத்தில் இருந்தார். நாள் முழுக்க ஓடிய ஓட்டத்தில் அவருக்கு அட்டையை உரிக்க வரவில்லை. நான் அவருடைய இரண்டையும் உரித்து அவரது உள்ளங்கையில் வைத்தேன். என்னுடையதை என் கையில் எடுத்துக்கொண்டேன்.

மாமி என் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். போட்டாயா என்று கேட்கவில்லை.

"ம், விழுங்குங்கோ" என்றேன் நான்.